உத்தரத்துக்குக் கீழே

எங்கள் ஜிம்முக்குத் தாழ்ந்த கூரை.
வடக்கு வளையத்துக்கு முன்னால்
குறுக்கே ஓர் உத்தரம்,
பதினாறடி ஒன்பது அங்குல உயரத்தில்.
பெஞ்சின் மேல் பெஞ்சு போட்டு
நானே ஏறி அளந்தேன்.

வெளியூர் அணி வந்தால்
முதல் பத்து நிமிடம் எங்களுக்கு வேடிக்கை.
அவர்கள் அழகாக வளைத்து எறிவார்கள்.
பந்து உத்தரத்தில் மோதித்
தூசியோடு திரும்பும்,
சில சமயம் எறிந்தவன் கைக்கே.
எங்கள் பையன்கள் தட்டையாக எறிவார்கள்,
தந்திக் கம்பி இழுத்த மாதிரி.
பார்க்க லட்சணமாய் இராது.
விழும்.

எல்ம்ஸ்டாட் கல்லூரி, தெற்கு டகோட்டா.
மாணவர்கள் இருநூற்றுப் பதினொரு பேர்,
பாதிப் பேர் போதகராகப் போகிறவர்கள்.
பயிற்சியாளர் ஹாக்டாலுக்குப் பகலில் வேதியியல் வகுப்பு;
மாலையில் கந்தக வாடையோடு வந்து விசில் ஊதுவார்.
நான் வெர்னா, ஸ்கோர் புத்தகம் எழுதியவள்.
ஆட்டத்துக்கு எழுபத்தைந்து சென்ட்,
பென்சில் என்னுடையது.

ஐம்பத்தேழு செப்டம்பரில்
கேரி நகரத்து எஃகு உலைத் தெருவிலிருந்து
பஸ்ஸில் வந்து இறங்கினான் இஸெல் டாலிவர்.
வானத்தைத் தவிர வேறு கூரை இல்லாத இடத்தில்
ஆடிப் பழகிய கை.
முதல் நாள் எறிந்த மூன்றும் உத்தரத்தில்.
யாரும் சிரிக்கவில்லை என்று எழுத ஆசை.
சிரித்தோம்.

பிறகு லைல் ஸ்டென்ஸ்ருட் மட்டும்
இரவில் விளக்கைப் போட்டுக்கொண்டு
அவனுக்குப் பந்து பொறுக்கிப் போட்டான்.
கிறிஸ்துமஸுக்குள் இஸெலின் பந்தும் தட்டையாகிவிட்டது.
உத்தரத்துக்கும் வளையத்துக்கும் நடுவே
கடிதம் போடுவது போல நுழைத்தான்.

அந்தப் பருவம் இருபத்துமூன்று வெற்றி, இரண்டு தோல்வி.
பனிப்புயலில் பஸ் புதைந்த இரவு
யாரோ ஒரு விவசாயி டிராக்டரால் இழுத்துவிட்டு
ஸ்கோர் என்ன என்று மட்டும் கேட்டுப் போனார்.

நெப்ராஸ்காவில் ஒரு சாப்பாட்டுக் கடையில்
அவன் உள்ளே வரக்கூடாது என்றார்கள்.
நாங்கள் எழுந்து வெளியேறினோமா?
இல்லை. சாப்பிட்டோம். எனக்குப் பசி.
லைல் ஆப்பிள் பையை நாப்கினில் சுற்றி
பஸ்ஸுக்கு எடுத்துப் போனான்.
என் புத்தகத்தில் ஃபவுலுக்கு ஐந்து கட்டம் உண்டு;
இதை எழுத ஒன்றுமில்லை.

மார்ச்சில் கன்சாஸ் சிட்டி.
அந்த அரங்கின் கூரைக்குள் புறாக்கள் பறந்தன.
பையன்கள் வரிசையாக நின்று அண்ணாந்தார்கள்,
தேவாலயத்தில்கூட அவர்களை அப்படிப் பார்த்ததில்லை.
ஆனாலும் கை பழக்கத்தை விடாதே.
அத்தனை உயரத்துக்கு அடியிலும்
தட்டையாகவே எறிந்துகொண்டிருந்தார்கள்,
இல்லாத உத்தரத்துக்குத் தலைகுனிந்து.
பாதி ஆட்டத்தில் முப்பத்தொன்று, நாற்பத்துநான்கு.

இரண்டாம் பாதியில், இடது மூலையில்,
இஸெல் ஒரு கணம் மேலே பார்த்தான்.
பிறகு கையை விட்டான்.

பந்து ஏறியது.
இன்னும் ஏறியது.
அது இறங்கும் என்பதையே மறந்து பார்த்தேன்.
வலை அசைந்தபோது சத்தம் வரவில்லை,
அல்லது எனக்குக் கேட்கவில்லை.
அடுத்த முறையும் அப்படியே.

அதிகாரபூர்வக் கணக்கில்
எழுபத்தொன்பதுக்கு எண்பது,
ஒரு புள்ளியில் தோல்வி; டாலிவர் முப்பத்தெட்டு.
என் புத்தகத்தில் அவனுக்கு முப்பத்துநான்குதான்.
ஹாக்டால் கேட்டார்: எங்கே அம்மா இரண்டு கூடை?
பார்த்துக்கொண்டிருந்தேன் என்றேன்.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
எழுபத்தைந்து சென்ட்டைக் கொடுத்துவிட்டார்.

கல்லூரியை மூடி வெகுகாலமாகிறது.
ஜிம் இப்போது விதைக் கிடங்கு.
லாரி நுழையவில்லை என்று
உத்தரத்தை அறுத்துப் போட்டுவிட்டார்கள்.
அரைமணியில் முடிந்த வேலையாம்.

அடுத்த செப்டம்பரில் இஸெல் பஸ்ஸில் வரவில்லை.
அக்டோபரில் ஒரு தபால் அட்டை வந்தது,
அவன் கையெழுத்தில் மூன்று வரி:
உலையில் வேலை கிடைத்துவிட்டது.
இங்கே கூரை நல்ல உயரம்.
லைலிடம் சொல்.